எறும்பு மேய்க்கும் மாடுகள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஒரு வாரம் கழியுமுன் எங்கள் ஆனைக்கரைப் பக்கத்து வீடுகளில் எறும்பு குடிபுகுந்துவிடும். குமுளியிலிருந்து வண்டன்மேட்டுக்குப் போகும் வழியில், கம்பம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் மலைவிளிம்பை ஒட்டி இருக்கிறது இவ்வூர். மண்ணுக்குள் நீர் இறங்கினால் புற்றில் வாழ்பவை மேட்டிடம் தேடுவது இயல்பே. அவற்றுக்கு மேட்டிடம் நம் அடுப்பங்கரை. சர்க்கரைப் புட்டியில் எறும்பு, அரிசிப் பானையில் எறும்பு, குழந்தையின் தூளிக் கயிற்றிலும் எறும்பு. உடனே வீட்டார் தேடுவது பூச்சிப் பொடியை.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலக்காட்டு வேலைக்கு மலையேறி இங்கேயே தங்கிவிட்ட நம் குடும்பங்களில், தோட்டத்து மருந்தின் மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் சிலரிடம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் அவ்வாறு தூவிய பொடியின்மேல் தவழ்ந்த ஒரு வயதுக் குழந்தை, வாயில் நுரை தள்ளி, இரவோடிரவாக ஜீப்பில் மலையிறக்கப்பட்டது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. நான்காம் நாள் அதன் தாய் வீடு திரும்பியபோது எறும்பு வரிசை சுவரோரம் முன்போலவே போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டு அவள் என்னிடம், “இம்புட்டு வெசம் போட்டும் இதுக எப்படிண்ணே சாகாம இருக்கு?” என்று கேட்டாள்.

விடை எறும்பின் குடித்தனத்தில் இருக்கிறது. நம் கண்ணில் படுபவை இரை தேட வெளிவந்த சில வேலைக்காரிகள் மட்டுமே. ஆம், வேலைக்காரிகள்தாம், உழைக்கும் எறும்புகள் அனைத்தும் பெண்களே. ஆண் எறும்புக்கு மணப்பறத்தலைத் தவிர வேறு வேலை இல்லை. அது முடிந்ததும் ஆயுளும் முடிந்துவிடும். கூட்டத்தின் பெரும்பகுதியும், முட்டையும் புழுவும், இவை எல்லாவற்றுக்கும் தாயான அரசியும் புற்றுக்குள் இருக்கின்றன. ஐரோப்பியத் தோட்டத்துக் கறுப்பெறும்பு ஒன்றின் அரசி ஆய்வுக்கூடத்தில் 28 ஆண்டுகளுக்கும் மேல் உயிர் வாழ்ந்ததாகக் குறித்திருக்கிறார்கள். தாயும் முட்டையும் பத்திரமாக இருக்க, சுவரோரத்தில் நூறு வேலைக்காரிகளைக் கொன்று என்ன பயன்? சில சிற்றெறும்பு இனங்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றுக்கு ஒரு புற்றிலேயே பல அரசிகள். மருந்து பட்டால் கூட்டம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து வேறு வேறு மூலைகளில் புதிய குடி போட்டுவிடும்.

எறும்பு தான் குடித்த இனிப்பை எல்லாம் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. அதன் உடலில் ஊருக்குப் பொதுவான பை ஒன்று இருக்கிறது. அதில் நிரப்பிய நீர்மத்தைப் புற்றுக்குத் திரும்பியதும் வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும். அவை புழுக்களுக்கும் அரசிக்கும் கொடுக்கும். உடனே கொல்லும் நஞ்சு இந்த வழியில் புற்றை எட்டுவதில்லை, சுமந்த எறும்பு வழியிலேயே விழுந்துவிடுவதால். மெல்லக் கொல்வதே உள்ளே போய்ச் சேரும். ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்னது வெங்காரம். அரை லிட்டர் வெந்நீரில் நூறு கிராம் சர்க்கரையைக் கரைத்து, வெங்காரப் பொடி ஒரு தேக்கரண்டி தலைதட்டிப் போட்டுக் கலக்க வேண்டும். அதில் பஞ்சை நனைத்து, சிறு துளைகள் இட்ட மூடிய டப்பாவில் வைத்து, குழந்தைகளின் கையும் கோழியின் அலகும் எட்டாத இடத்தில் எறும்பு வழியருகே வைக்க வேண்டும். வெங்காரமும் உண்ணத்தக்கதன்று, மீந்த நீரைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பெரும் பிழை. கலவை மிகுதியாக இருந்தால் எறும்பு தொடாது. முதல் இரண்டு நாள் கூட்டம் அதிகமாவது கண்டு பதறிப் பொடியைத் தேடக்கூடாது; ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெயையும் கருவாட்டையும் நாடும் எறும்புக்கு இந்த இனிப்பு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் பி.எச்.சி. என்னும் பொடி நம் ஊர்க் கடைகளில் உப்பு, புளியோடு விற்றது. 1997-இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. ஆண்டுக் கணக்கில் மண்ணிலும் மாட்டின் பாலிலும் தாயின் பாலிலும் தங்கக்கூடிய நஞ்சு அது. பொடியின் பெயர் மாறியதே தவிர, தூவும் பழக்கம் நம்மிடம் மாறவில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பக்கத்துக் குடியிருப்பில் ஒருவர் முப்பது சென்ட் நிலத்தில் மிளகுக் கொடி வைத்திருந்தார். மூத்த மகளைக் கல்லூரியில் சேர்த்தது அக்கொடிகளை நம்பியே. ஈராண்டுகளுக்கு முன் ஐந்தாறு கொடிகளின் இலைகள் மஞ்சளித்தன. அடியில் எறும்பு மொய்த்தது. எறும்புதான் வேரைத் தின்கிறது என்று முடிவு செய்து அடிதோறும் பொடியைக் கொட்டினார். எறும்பு குறைந்தது, கொடி தேறவில்லை. பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கியபோது வேரெல்லாம் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது. அது பஞ்சன்று, மாவுப்பூச்சி.

மாவுப்பூச்சியும் அசுவினியும் செதிற்பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைப் பின்புறமாகச் சொட்டும். அந்தச் சொட்டுக்காகவே எறும்பு அவற்றைப் பேணுகிறது. தன் கொம்புகளால் தடவிக் கறக்கும். ஓரிடத்தில் சாறு வற்றினால் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் விடும். அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும், அவற்றின் உடலில் முட்டையிட வரும் சிறு குளவியையும் துரத்தும். தேனிப் பக்கத்தில் கிடை போட்டு மாடு மேய்ப்பவர்கள் செய்வதில் இதனினும் கூடுதலாக எதுவும் இல்லை. ஆகவே செடியில் எறும்பு வரிசை கண்டால் அது எதை மேய்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தண்டில் ஏறுகிறதா, வேரில் இறங்குகிறதா? வேரில் இறங்கினால் மண்ணைச் சிறிது விலக்கிப் பார்ப்பது அரை நாழிகை வேலை. வேர் மாவுப்பூச்சி பெரும்பாலும் நாற்றங்காலிலிருந்து பையோடு வருவது. ஆதலின் நாற்று வாங்கும்போதே பையைக் கிழித்து ஒன்றிரண்டின் வேரைப் பார்க்க விற்பவர் இணங்காவிடில் வேறிடம் போவது நலம். கொடியைச் சுற்றியுள்ள களையின் வேரிலும் அது தங்கும். கண்டுவிட்டால் என்ன மருந்து, எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் கேளாமல் பஞ்சாயத்துக் கிருஷி பவனில் கேட்கலாம். மைலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மொழி தெரியாது என்று நம்மவர் தயங்குகிறார்கள். பட்ட வேரை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனால் பேச்சே தேவையில்லை.

மேய்ப்பவனை விட்டு மாட்டைப் பிடித்ததன் பயனைப் பெரிய அளவில் கண்ட இடங்கள் உண்டு. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் சூறையாடியது. எத்தனை மருந்து தெளித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவினும் சிறிய ஒரு குளவியை வருவித்துத் தமிழகத் தோட்டங்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அடக்கிற்று. சாவகத்துக்குத் தெற்கே உள்ள ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் கிறுக்கெறும்பு என்னும் வந்தேறி பெருகி, அத்தீவின் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. வானூர்தியிலிருந்து நஞ்சிட்டும் அது மீண்டும் மீண்டும் தலையெடுத்தது. 2016-இல் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த நுண்குளவியை, எறும்பின்மேல் அன்று, அது கறந்து குடித்த செதிற்பூச்சியின்மேல் ஏவினார்கள்.

அந்தக் கிறுக்கெறும்பு நமக்கும் அயலானதன்று. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டத்துக் கரந்தமலை அடிவாரத்துச் சிற்றூர்களில் அது பெருகி, ஆடுமாடுகளின் கண்ணைக் கெடுத்தது. சிலர் குடியிருப்பை விட்டே வெளியேறினார்கள். அது கொட்டுவதில்லை, அமிலத்தைப் பீய்ச்சுகிறது. மஞ்சட் பழுப்பு நிறம், நெல்லைவிடச் சிறிய உடல், உடலுக்குப் பொருந்தாத நீண்ட கால்களும் கொம்புகளும், திசை தப்பியது போன்ற ஓட்டம் ஆகியவை அடையாளம். பக்கத்துப் புற்றோடு சண்டையிடாமல் புற்றும் புற்றும் ஒன்றாகி ஏக்கர் கணக்கில் பரவும். நாற்றுப் பையிலும் எருவிலும் சரக்கு மூட்டையிலும் ஏறித்தான் அது ஊர் கடக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஜீப்புகளில் செடியும் மண்ணும் கொண்டுவருவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

உலகில் இதுவரை பெயரிட்ட எறும்பினங்கள் 14,000-க்கும் மேல். அவற்றில் மனிதனுக்குத் தொல்லையாவன சிலவே. 2022-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, உலகின் எறும்புகள் மொத்தம் ஏறத்தாழ 20,000 இலட்சம் கோடி என்கிறது. எண்ணியவரின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். செத்த பூச்சியை அப்புறப்படுத்துவதும், மண்ணைத் துளைத்து நீரும் காற்றும் புகவிடுவதும், விதைகளைப் பரப்புவதும் இக்கூட்டத்தின் அன்றாட வேலை. வீட்டு உத்தரத்தை அரிக்கும் கறையானுக்கு இவற்றைவிடப் பெரிய பகை இல்லை. கறையானை வெள்ளெறும்பு என்று சிலர் வழங்கினும் அது கரப்பானுக்கு உறவு. எறும்போ குளவிக்கும் தேனீக்கும் உறவு.

நல்லதா தீயதா என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற முடியாத எறும்பு ஒன்று எங்கள் மரங்களில் இருக்கிறது. அதுவே முசுறு, சங்கப் புலவர்கள் முயிறு என்றார்கள். மலையாளத்தார் நீறு என்கிறார்கள். “மரத்தில் நீறு இருக்கிறது” என்று அயல்வீட்டுச் சேட்டன் சொன்னதைக் கேட்டு, திருநீறு என்று எண்ணிக் கைநீட்டிய நம் பிள்ளைகள் உண்டு. வரிசையாக நின்று இரண்டு இலைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன் புழுவையே நெசவு நாடாவாக அங்குமிங்கும் ஓட்டி, அதன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். சீனத்தில் 304-ஆம் ஆண்டளவிலேயே எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைக் காக்க இதன் கூடுகளைச் சந்தையில் விற்றதாகக் குறிப்பு இருக்கிறது. ஒடிசாவில் மயூர்பஞ்சு மாவட்டத்து மக்கள் இதை அரைத்துச் செய்யும் சட்டினிக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதன் அருமையை அறியக் காசர்கோட்டை நினைக்க வேண்டும். அங்கே முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க, 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை எண்டோசல்பானை வானிலிருந்து தெளித்தார்கள். அதன் பின்விளைவாக உடலும் மூளையும் குன்றிய குழந்தைகளின் துயரை நாடறியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடுத்தது. அதே பூச்சியை முசுறு வேட்டையாடும். வட ஆஸ்திரேலியாவின் முந்திரித் தோட்டங்களில் இதனைச் சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். ஆயினும் முசுறும் மாடு மேய்க்கும் சாதியே. சில மரங்களில் செதிற்பூச்சியை வளர்த்து இலையைக் கரி பிடிக்கச் செய்வதும் உண்டு.

இதன் நன்மை மரத்துக்கு. கடி வாங்குபவர் மிளகு பறிப்பவர். ஒற்றை மூங்கில் ஏணியில் இருபது அடி உயரத்தில் நிற்கையில் கழுத்திலும் கண்ணிமையிலும் முசுறு கவ்வினால் கையை எடுத்து உதறவும் வழியில்லை. அதனால் பறிப்புக்கு முன் மாலை கூடுகளின்மேல் பொடி ஊதச் சொல்வது சில தோட்டங்களின் வழக்கம். மறுநாள் அந்தப் பொடி ஏணியில் ஏறியவரின் முகத்தில் உதிர்கிறது. முசுறு இயற்கையின் காவலன் என்று தரையில் நின்று சொல்ல நான் யார்?

எங்கள் பக்கத்துப் பறிப்பாளர்கள் தாமே ஒரு வழி கண்டார்கள். கொடியில் தொங்கும் கூடுகளை மட்டும் விடியற்குளிரில், எறும்பு சுறுசுறுப்படையுமுன், துறட்டியால் அறுத்துச் சாக்கில் பிடித்து, பறிப்பில்லாத நிழல்மரங்களின் கீழே விடுகிறார்கள். கையிலும் கழுத்திலும் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறுகிறார்கள். நீற்றுக்கு நீறு என்று மலையாளத்து மேற்பார்வையாளரே சிரித்துக்கொண்டார். கடி முழுவதும் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. பொடி செலவு மிச்சமானது தோட்டத்துக்குத்தானே, முசுறு மரத்துக்குக் கூலியில் ஏதேனும் கூட்டித் தரலாகாதா என்று கேட்டிருக்கிறார்கள். மார்கழிப் பறிப்புக்குமுன் பதில் சொல்வதாகத் தோட்டத்தார் கூறியிருக்கிறார்கள்.