என் பிணத்தை நானே எடுத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் ஒரே இழவு வீட்டு அமைதி. அக்கா பையன் (பி.இ. இரண்டாம் வருஷம்) சாப்பாட்டைத் தொடவில்லையாம். "லவ் ஃபெயிலியரா இருக்குமோடா?" என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தாள். உள்ளே போய் விசாரித்தேன்.

"செத்துட்டேன் மாமா."

செத்தது, 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் அவன் வளர்த்த மந்திரவாதி. அதில் 2023-ல் 'ஹார்ட்கோர்' என்று தனி சர்வர்கள் திறந்தார்கள். ஒரே உயிர்தான், போனால் போனதுதான். உச்சம் 60-வது லெவல், பயல் 42 வரை ஏறிவிட்டான். காலிங்பெல் அடித்திருக்கிறது. சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு வருவதற்குள் ஆள் க்ளோஸ். மூன்று மாத ராத்தூக்கம் கோவிந்தா!

அதே ஆட்டத்தின் சாதாரண சர்வர்களில் இவ்வளவு மோசமில்லை. ஆவியாக ஓடிப்போய் உடம்புக்குள் புகுந்துகொள்ளலாம். கவசத்துக்குக் கொஞ்சம் ரிப்பேர் செலவு, அவ்வளவுதான். 1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்'தான் படு கிராதகம். நாம் ஆவியாக நிற்க, கண்ணெதிரிலேயே நம் பையைக் காலி செய்வார்கள். கத்தினால் மற்றவர்களுக்கு வெறும் 'ஊ... ஊ...'தான்! அதன் சோதனை ஓட்டத்தில், ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட்டின் ராஜா பாத்திரத்தையே ஒரு ஆசாமி நெருப்பு மந்திரம் போட்டுத் தீர்த்துக்கட்டினான். சாகாவரத்தை 'ஆன்' செய்ய மறந்துவிட்டாராம் மனுஷர்.

உனக்கெப்படி இதெல்லாம் தெரியும் என்கிறீர்களா? நானும் செத்தவன்தான் சார்.

2000-ம் வருஷம். நியூஜெர்சியில் மூன்று பேர் தங்கிய அப்பார்ட்மென்ட். ஒரே டெலிபோன் லைன், இன்டர்நெட்டும் அதில்தான். முந்தைய வருஷம் வெளியான 'எவர்க்வெஸ்ட்' பைத்தியம் எனக்கு. ஒரு ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு, பிளாக்பரோ என்ற நாய்முகப் பூதங்களின் குகையில் மரப்பொந்துக்குள் தவறி விழுந்து உயிரை விட்டேன்.

அந்த ஆட்டத்தில் அப்போதெல்லாம் மறுபடி பிறப்பீர்கள், வெறும் ஆளாக. வாள், கவசம், காசு எல்லாம் பிணத்தோடு கிடக்கும். சேர்த்த அனுபவத்திலும் ஒரு பங்கு போய்விடும். சமயத்தில் லெவலே இறங்கும். கெடுவுக்குள் எடுக்காவிட்டால் பிணம் மறைந்துவிடும், பொருட்களோடு. ஆக, கோவணத்தோடு அதே குகைக்கு ஓட வேண்டும். ஓடினேன். மறுபடி செத்தேன். மூன்றாம் முறை, முன்பின் தெரியாத ஒரு பெரிய லெவல் ஆசாமி இரங்கினான். "உன் பிணத்தை இழுக்க எனக்கு அனுமதி கொடு" என்றான். அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. கொடுத்தேன். இஞ்ச் இஞ்சாக இழுத்து வந்து வாசலில் போட்டான். வாளைப் பார்த்ததும் அழாத குறை! லைனைக் கட் பண்ணும்போது மணி ஒன்று பத்து.

உடனே போன் அடித்தது. கும்பகோணத்திலிருந்து அப்பா.

"எங்கேடா போயிருந்தே? நாலு மணி நேரமா எஸ்.டி.டி. பூத்திலேயே உட்கார்ந்திருக்கேன். என்கேஜ்டு, என்கேஜ்டுங்கறான்..."

விடியற்காலையில் தாத்தா போய்விட்டார். எனக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்த தாத்தா. "நீ வந்து சேர எப்படியும் ரெண்டு நாளாகும். மத்தியானம் எடுத்துடறோம்" என்றார் அப்பா. பாட்டி, அவனிடம் சொல்லாமல் எடுக்கக்கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாளாம்.

"ஆபீஸ் வேலைப்பா. கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணியிருந்தேன்" என்றேன்.

"வேலைன்னா சரி. உடம்பைப் பார்த்துக்கோ" என்று போனை வைத்துவிட்டார்.

பையன் கேட்டுக்கொண்டிருந்தவன், மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்த வாள் என்னாச்சு மாமா?"

"ரெண்டு மாசத்துல அதைவிட நல்லது கிடைச்சுது. கடையில வித்துட்டேன்."

"தாத்தாகிட்ட நிஜத்தைச் சொல்லிட்டீங்களா?"

ஹாலில் அப்பா, அக்கா போட்டுக் கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். வயது 81. காது மட்டும் இன்னும் நன்றாகக் கேட்கிறது.

"மெதுவாப் பேசுடா" என்றேன்.