அழுகைக் கோச்சியும் இராமானுஜம் கப்பலும்

மாத்தளை நகரோடு புகையிரதப் பாதை முடிந்துவிடுகிறது. கோப்பிக் காலத்தில், 1880இல் வந்த பாதை இது. அதற்கு முன் இராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துச் சனங்கள் படகில் மன்னார்க் கரையிறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். கொலராவில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்த பெண்களைப் பற்றி எந்தத் துரையும் பெரிதாக எழுதிவைக்கவில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சுமார் 20 மைல் கடல்தான். அந்நாளில் மெசாஜெரீஸ் மரித்தீம் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் பெரிய கப்பல்களும் மார்செயிலிருந்து கீழைத் தேசம் போகும் வழியில் கொழும்பில் நின்றன. அவற்றில் சீமான்கள் வகுப்புப் பார்த்துப் பயணம் செய்தார்கள். நம்மவர்களுக்கோ கப்பலுக்கு முன் மண்டபம் முகாம்: வைத்தியச் சோதனை, நாட்கணக்கில் காத்திருப்பு. தோட்ட இலக்கம் பொறித்த தகரத் துண்டுதான் அவர்களுக்கு அடையாளம்.

வந்த கப்பலே பிறகு திருப்பி அனுப்பும் கப்பலானது. 1948இல் பிரசாவுரிமை பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. அதன் பெயர் இராமானுஜம். தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்தார்.

எல்கடுவைப் பக்கத்து லயமொன்றில், பத்திர வேலையாகப் போனபோது ஒரு பாட்டியைச் சந்தித்தேன். அவருடைய அக்கா எழுபதுகளில் அந்தக் கோச்சியில் போனவர். விண்ணப்பம் போட்டது அக்காவின் புருஷன்; அக்காவை யாரும் கேட்கவில்லை. "மாத்தளையில ஏறுனா. நான் ஜன்னலப் புடிச்சிக்கிட்டே ஓடுனேன் புள்ள" என்றார்.

நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொஞ்ச காலம் கடிதம் வந்தது. 1984இல் கப்பல் நின்றது. சண்டைக் காலத்தில் கடிதமும் நின்றது.

"விலாசம் இருக்கா பாட்டி?"

"கடுதாசியிலதான் இருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாதே."

தகரப் பெட்டியிலிருந்து நான்கு கடிதங்களை எடுத்துத் தந்தார். ஒன்றில் கோத்தகிரி என்று தெளிவாக இருந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கிய செய்தியைச் சொன்னேன். பாட்டி கடவுச்சீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். முதலில் பிறப்புச் சான்றிதழ். அது அவரிடம் இல்லை. அதற்கான விண்ணப்பத்தை அங்கேயே, அக்கா பாரமென்று விட்டுப்போன அம்மிக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினோம்.