இன்ஜின் இல்லாத விமானத்தில் ஒரு குட்டிக்கரணம்

நான் இதே பள்ளியில் 2008-ல் பிளஸ் டூ முடித்தவள். இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். லீவில் தென்னேரிக்கு வந்தபோது, "சுவர் இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடும்மா, ஆனா ஒரே தாள்தான்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜூலையில் நான் கிளைடரில் பறந்தேன். சும்மா பறக்கவில்லை, வானத்தில் குட்டிக்கரணமும் போட்டேன்!

என்னோடு படித்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஏழாவது படிக்கும்போது காஞ்சிபுரம் கருட சேவைக்குப் போய், ராட்டினத்தில் ஏறி, இறங்கியதும் வாந்தி எடுத்தவள் நான். ஒரு மாசம் என் பேரே 'ராட்டினம்'தான். இது தெரியாமல் கூட வேலை செய்யும் நர்ஸுங்க எல்லாரும் காசு போட்டு, என் பிறந்தநாளுக்குக் கிளைடர் பயணக் கூப்பன் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அதிலும் 'ஏரோபாட்டிக்ஸ்' என்று போட்டிருந்தது. அதாவது வானத்தில் சாகசம். வேண்டாம் என்றால் அவர்கள் மனசு கஷ்டப்படும்.

போனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி. "இன்ஜினே இல்லைங்கிறே, அப்புறம் எப்படிடி மேல நிக்கும்?" எனக்கும் பதில் தெரியவில்லை.

போன இடம் டன்ஸ்டபிள். அங்கே ஒரு நீளமான குன்று, அடிவாரத்தில் பெரிய புல்வெளி. 1930-ல் தொடங்கிய லண்டன் கிளைடிங் கிளப் அங்கேதான் இருக்கிறது. எனக்குக் கொடுத்தது 'ஏ.எஸ்.கே. 21' என்ற ஜெர்மன் கிளைடர். 17 மீட்டர் இறக்கை, ஒல்லி உடம்பு, அடியில் குட்டிச் சக்கரங்கள். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் உட்காரணும். நான் முன்னால்! பின்னால் பயிற்சியாளர். தலை முழுக்க நரைத்த பெரியவர். என் முதுகில் பாராசூட்டைக் கட்டிவிட்டு, "இது தேவைப்படாது, ஆனா இல்லாமல் கிளம்ப மாட்டோம்" என்றார்.

கண்ணாடி மூடியின் வெளியே நடுவில் ஒரு துண்டு கம்பளி நூலை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். யாரோ மறந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதுவும் ஒரு கருவியாம்! பறக்கும்போது நூல் நேராக இருந்தால் விமானம் நேராகப் போகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் காற்றில் குறுக்காக நகர்கிறது என்று அர்த்தம். ரைட் சகோதரர்களும் இப்படி ஒரு கயிற்றுத் துண்டைத்தான் பார்த்து ஓட்டினார்களாம். நெசவாளர் வீட்டுப் பொண்ணு, நூலைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

முன்னால் ஒரு சின்ன இன்ஜின் விமானம், அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் நாங்கள். 3,000 அடி போனதும் மஞ்சள் பிடியை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். 'டக்' என்று கயிறு கழன்று, இழுத்த விமானம் ஒரு பக்கம் திரும்பிப் போய்விட்டது. அப்புறம்... நிசப்தம். காற்றின் 'உஸ்ஸ்' மட்டும்தான்.

அம்மா கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. கிளைடர் மேலே நிற்பதே இல்லை! எப்பவும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, ரொம்ப மெதுவாக. எங்கள் கிளைடர் 1 கி.மீ. இறங்குவதற்குள் 34 கி.மீ. வரை முன்னால் போகும். தென்னேரிக்கு மேலே 1 கி.மீ. உயரத்தில் விட்டால், காற்று எதிர்க்காவிட்டால், காஞ்சிபுரத்தைத் தாண்டியே போய்விடலாம். உயரம்தான் கையில் இருக்கிற காசு. எது செய்தாலும் அதிலிருந்துதான் செலவு.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் சூரியகிரண் சாகசத்தை நம்ம ஊரிலிருந்தும் சிலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். (அன்று வெயிலும் நெரிசலுமாக 5 பேர் இறந்துபோனதை நினைத்தால் மனசு கனக்கிறது.) அவை ஜெட் விமானங்கள், இன்ஜின் தள்ளும். கிளைடருக்கு அது கிடையாது. அதனால் முதலில் மூக்கைக் கீழே குத்தி வேகம் சேர்க்கணும்.

அதற்கு முன் ஒரு பெரிய சோதனை. உயரம் போதுமா, பெல்ட் இறுக்கமா, பாக்கெட்டில் சில்லறை, போன் எதுவும் இருக்கிறதா, கீழே ஊர் இருக்கிறதா, பக்கத்தில் வேறு விமானம் வருகிறதா... ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு வட்டம் அடித்து நாலாபக்கமும் தேடினார். "எப்ப வேணும்னாலும் போதும்னு சொல்லு, நிறுத்திடுவேன்" என்றார்.

மூக்கு கீழே போனது. கண்ணாடி முழுக்கப் பச்சை வயல். காற்றுச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கிட்டத்தட்ட மணிக்கு 180 கி.மீ. வந்ததும் மேலே இழுத்தார். அய்யோ அம்மா! யாரோ தோளில் நெல் மூட்டையை வைத்த மாதிரி. கை தூக்க முடியவில்லை, கன்னம் தொங்குகிறது. அது 3 'ஜி'யாம். 50 கிலோ ஆள் 150 கிலோவாக உணரும் நேரம். பூமி காணாமல் போனது, வானம் மட்டும். திடீரென்று எடையெல்லாம் போய் உடம்பு லேசானது. தலையை அண்ணாந்து பார்த்தால் அங்கே வயல்! தலைக்கு மேலே தரை! அடுத்த நொடி மறுபடி மூட்டை, மறுபடி தொடுவானம். அவ்வளவுதான், லூப் முடிந்தது.

முதன்முதலில் இதைப் போட்டவர் நெஸ்டெரோவ் என்ற ரஷ்ய விமானி, 1913-ல் கீவ் நகரில். அரசாங்கச் சொத்துக்கு ஆபத்து விளைவித்தார் என்று அவருக்குக் காவல் தண்டனை கொடுத்தார்களாம். கரணம் போட்டதற்குத் தண்டனை! நம்ம வகுப்பு மாதிரியே இருக்கு.

எனக்கு வாந்தி வரவில்லை. ஆனால் வயிறு புரண்டது, உள்ளங்கை ஈரம். உயரம் 1,900 அடி என்று காட்டியது. அவர் கேட்டார். "இன்னொன்று போட்டால் நேரே இறங்க வேண்டியதுதான். வேண்டாம் என்றால் காற்று தேடலாம், கிடைச்சா மேல போகலாம், கிடைக்காமலும் போகலாம். எது?"

'ராட்டினம்' என்ற பேரைத் தொலைக்க இன்னொன்று போட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் அந்த நிசப்தம்தான் எனக்குப் பிடித்திருந்தது. "காற்று தேடலாம்" என்றேன்.

என் கையில் ஸ்டிக்கைக் கொடுத்தார். ஒரு மேகத்தின் அடியில் போனபோது சீட்டை யாரோ கீழிருந்து உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். ஒரு கருவி 'பீப் பீப்' என்றது. வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று மேலே எழும் இடம் அது. அதற்குள்ளேயே வட்டமிடணும். பக்கத்தில் ஒரு பருந்தும் வட்டமிட்டது, சிறகை அசைக்கவே இல்லை. 2,000... 2,200... 2,500! இன்ஜின் இல்லாமல் ஏறுகிறோம்! அப்போது நானே கேட்டேன், "இப்ப ஒரு லூப் போடலாமா சார்?" பெரியவர் சிரித்துவிட்டார். இரண்டாவதில் கண்ணை மூடவே இல்லை.

தரை இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "அப்போ பாவு மாதிரின்னு சொல்லு. மூணு சேலைக்குப் பாவு போட்டா நெய்ய நெய்யக் குறையும்." ஆமாப்பா, ஆனா அங்க சில நேரம் பாவு தானா நீளும் என்றேன். "அப்படி ஒரு பாவு எனக்குக் கிடைச்சா நல்லா இருக்குமே" என்றார்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் என்று நினைக்காதீர்கள். எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த நம் நாட்டு 'ரோகிணி' கிளைடர் 1961-லேயே பறந்தது. என்.சி.சி. மாணவர்கள் அதில் பழகினார்கள். பிறகு என்.சி.சி. விமானப் பிரிவில் மைக்ரோலைட் என்ற குட்டி விமானங்கள் வந்தன. ஆசை இருப்பவர்கள் கல்லூரி சேரும்போது அந்தப் பிரிவு அங்கே இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை. மே மாசம் மதியம் ஏரிக்கரையில் மர நிழலாகப் பார்த்து நின்று, ஒரே ஒரு பருந்தைக் கவனியுங்கள். ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் எத்தனை வட்டம் போடுகிறது என்று எண்ணுங்கள். கணக்கை டீச்சரிடம் கொடுத்தால் எனக்கு அனுப்பி வைப்பார்.