வரப்பு எலியும் பனைமரத்துக் குருவியும்

எளாவூர் என்றாலே ஹாஸ்டலில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பூநாரை வருமாமே?" வரும். பழவேற்காடு ஏரிக்கு அதுவும் வரும், அதைப் பிடிக்கக் கேமராவும் வரும். நண்பர்களே, நான் எழுதப்போவது கேமரா திரும்பிப் பார்க்காத இருவரைப் பற்றி. பனைமரத்துத் தூக்கணாங்குருவி ஒன்று, வரப்புக்குள் குடியிருக்கும் வயல் எலி மற்றொன்று. இருவருக்கும் மெஸ் ஒரே நெல் வயல்தான்!

பாராட்டெல்லாம் குருவிக்கு. நெல் இலையையும் பனையோலையையும் நாராகக் கிழித்து, அலகை மட்டும் வைத்துக்கொண்டு ஆண் குருவி பின்னுகிறது. கூடு பாதியில் ஹெல்மெட் மாதிரி தொங்கும்போது பெண் குருவி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். (டிராயிங் ஷீட்டைத் திருப்பித் தரும் நம் லெக்சரர் எவ்வளவோ தேவலை!) பிடித்துவிட்டால் மீதி வேலை நடக்கும். ஆனால் முட்டை வந்ததும் ஐயா அடுத்த கூடு, அடுத்த ஜோடி என்று கிளம்பிவிடுவார். அடைகாப்பது அம்மாதான். சலீம் அலி மகாராஷ்டிரக் கடலோரத்தில் உட்கார்ந்து கவனித்து 1931-ல் எழுதிய சங்கதி இது.

எலிக்குக் கிடைப்பது விஷம். அதன் வெட்டுப்பல்லைப் பாருங்கள்: முன்பக்கம் கெட்டி எனாமல், பின்பக்கம் அத்தனை கெட்டியில்லை. கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் தேய்ந்து, முனை உளிபோலத் தானே கூராகும். கிரைண்டரில் டூல் பிட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குருவி அன்றன்றைக்குத் தின்று போய்விடும். எலியோ கதிரை அறுத்து வளையில் சேர்த்து வைக்கும். அறுப்பு முடிந்தபின் இருளர்கள் வளையைத் தோண்டினால் கறியும் கிடைக்கும், நெல்லும் கிடைக்கும். எலியை வெளியேற்ற மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். வளைக்குள் பாதிப் புகை, ஊதுகிறவர் நெஞ்சுக்குள் பாதிப் புகை. உதடும் கையும் வெந்துபோகும். இதற்கு மாற்றாகக் கையால் சுற்றும் விசிறி வைத்த இரும்புக் கருவி ஒன்று வந்தது. 2003-ல் உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசும் வாங்கியது. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நம் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்துவிடலாம்.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இன்னும் பானையைத்தான் ஊதுகிறார். நாலு பேச்சுக்கு ஒரு இருமல். இந்த வருஷ புராஜெக்டுக்கு நானும் இரண்டு நண்பர்களும் அந்தக் கருவியைத்தான் எடுத்திருக்கிறோம். விசிறிக்கு மூன்று பிளேடா, நாலா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.