அடிவாரத்துச் சபை

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து போய் லெஸ்டரில் குடியேறிய பிறகு, ஊரில் நிதானமாகத் தங்கிவர இந்த ஆண்டுதான் வாய்த்தது. மரவள்ளிக் காடுகள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். எங்கள் பாப்டிஸ்ட் சபையின் வாசல் சுவரில் மட்டும் மாத ஊழியப் பட்டியல் முன்போலவே ஒட்டியிருந்தது. ஆலயத்தைக் கூட்டுவது யார், வேதபாடம் வாசிப்பது யார், வீட்டு ஜெபக்கூட்டம் எந்தத் தெருவில், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது யார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டிருந்தது.

பாப்டிஸ்ட் சபைக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ளும். போதகரை அழைப்பது, உதவிக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, வரவு செலவுக் கணக்கை ஏற்பது எல்லாம் சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் கைதூக்கி முடிவு செய்வதுதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. விவரம் தெரிந்து, தன் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்து, தண்ணீரில் முழுகி எழுந்தவருக்கே பதிவேட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறிய கையோடு உதவிக்காரர் வந்து கேட்பார்: "எந்த ஊழியத்துல சேர்றீங்க?" அங்கத்தினர் செய்தால்தான் இங்கே வேலை நடக்கும்.

இந்த வட்டாரத்தில் அப்படித் தாமே இறங்கி ஊழியம் செய்து வாழ்ந்து காட்டியவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் அனுப்பி 1907-ல் இந்தியா வந்தார் ஜெஸ்ஸி. 1913-ல் திருமணம் முடிந்ததும் இருவரும் கொல்லிமலைக்குக் குடிபோனார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் தார்ச்சாலை அன்று இல்லை. நடந்தோ டோலியிலோதான் மலையேற வேண்டும். ஓராண்டு மருத்துவப் பயிற்சியை வைத்துக்கொண்டு ஜெஸ்ஸி வைத்தியம் பார்த்தார், பள்ளிக்கூடம் நடத்தினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார். ஓய்வு பெறும் வயது வந்து மிஷன் விடை கொடுத்த பிறகு, ஈவ்லின் தன் பொறுப்பிலேயே மறுபடி மலையேறினார். முதுமையிலும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974-ல், 95-வது வயதில் மறைந்தார். மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய வேலூர் சி.எம்.சி. மருத்துவர்.

இன்றைய ஊழியங்களில் என் மனதை நிறைத்தது பெண்கள் ஐக்கியத்தின் கைப்பிடி அரிசி. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லா டப்பாவும் ஆலயத் திண்ணைக்கு வரும். பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒரே பாயில் கொட்டப்படும். ஒருவர் படியால் அளந்து பைகளில் கட்ட, இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். தனியாக இருக்கும் முதியவர்கள், வேலைக்குப் போக முடியாதவர்கள், எந்த மதத்தவரானாலும், அவர்கள் வீட்டுக்கு அன்று மாலையே பை போய்விடுகிறது. கொடுப்பவர்களிலும் பலர் கூலிக்குப் போகிறவர்களே.

என் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது நான் லெஸ்டரில் இரவுப் பணியில் இருந்தேன். அவரை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள். முறை வைத்துப் பக்கத்தில் படுத்தது பெண்கள் ஐக்கியத்து அக்காமார்கள். நன்றி சொல்லப் போனபோது ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அங்க ஊரார் அம்மாவப் பாக்குற. நாங்க இங்க உன் அம்மாவப் பாத்தோம். இதுல என்ன கண்ணு?" என்றார். கண்ணீரை அடக்க முடியவில்லை.

ஆனால் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகள் திரண்டு வருகிறார்கள்; பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. பாடகர் குழுவில் ஆண் குரல் குறைந்துவிட்டது. வெளியூரிலிருந்து வரும் பணத்தில் டைல்ஸும் ஒலிபெருக்கியும் புதிதாகியிருக்கின்றன. அவை நல்லவைதான். ஆனாலும் படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார டைல்ஸால் முடியாது.

நான் வசிக்கும் லெஸ்டரில்தான், 1793-ல் வங்கத்துக்குக் கப்பலேறும் முன் வில்லியம் கேரி பாப்டிஸ்ட் போதகராக இருந்தார். அங்கிருந்து இங்கே ஆட்கள் வந்த காலம் போய், இங்கிருந்து அங்கே நாம் போயிருக்கிறோம். அதனால் வெளியூரில் வாழும் சபைப் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: விடுமுறைக்கு வரும்போது காணிக்கை உறையோடு நிறுத்திவிடாதீர்கள். நர்ஸ் என்றால் ஆராதனைக்குப் பிறகு உட்கார்ந்து நாலு பேருக்கு ரத்த அழுத்தம் பாருங்கள். கணினி தெரிந்தவர் வாலிபர்களுக்கு வேலை விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்கள். எதுவும் தெரியாது என்றால் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவர் வீட்டில் போய் உட்காருங்கள். ஊருக்கு வந்த முதல் ஞாயிறே உதவிக்காரரைப் பார்த்து, பட்டியலில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.