அத்தான் கட்டிய ஈ

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறது என் அக்கா வீடு. அங்கே டைனிங் டேபிள் ஓரத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு பள்ளம். குனிந்து பார்த்தால் பலகைக்கு அடியிலும் ஒன்று. அத்தான் 'வைஸ்' என்கிற சின்ன இடுக்கியை அங்கேதான் மாட்டி முறுக்குவார். அதன் வாயில் தூண்டில் முள்ளைக் கவ்வக் கொடுத்து, நூலும் இறகும் சுற்றி, 'ஈ' கட்டுவார். ட்ரவுட் மீன் பிடிக்கிற ஈ!

இதில் என்ன விசேஷம் என்றால், எங்களுடையது திருநெல்வேலி சைவக் குடும்பம். கேக்கில் முட்டை என்று தெரிந்தால் தட்டையே மாற்றிவிடுகிற வீடு. அப்பேர்ப்பட்ட வீட்டு மாப்பிள்ளை சனிக்கிழமையானால் முழங்காலுக்கு மேல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வார்ஃப் ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்.

"பிடிச்சு அங்கனயே விட்டுருதேன்" என்பார். இருபது வருஷமாக அக்கா அதை நம்பவில்லை.

2022-ல் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு. போன மே மாதம் நான் மூன்று வாரம் அக்காவோடு இருக்கப் போனபோது, ஒரு பெரிய தகர டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இதை என்ன செய்யணுமோ செய்யி ஏல. எனக்குக் குப்பையில போடக் கை வரல."

உள்ளே பட்டு நூல்கண்டுகள், மெழுகுக் கட்டி, கவர் கவராக இறகுகள். ஒன்றும் புரியாமல் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் எடுத்துப் போனேன். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அத்தானுக்கு அவர்தான் குரு. டப்பாவைத் திறந்தவர், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தன் வைஸை எடுத்து மேஜையில் மாட்டினார்.

இந்த ஈக்கள் அந்த ஊர்ச் சரக்கு. யார்க்ஷயர் ஆறுகளுக்கென்றே தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்தவை. டி.ஈ. பிரிட் என்பவர் 1885-ல் இவற்றைப் படம் போட்டு ஒரு புத்தகமே எழுதினார். 1975-ல் சில்வெஸ்டர் நெமிஸ் என்ற அமெரிக்கர் இன்னொரு புத்தகம் எழுத, அங்கேயும் இது மறுபடி பிரபலமானது. (நம் நீலகிரியிலும் ட்ரவுட் உண்டு. வெள்ளைக்காரர்கள் 1907-ல் அவலாஞ்சியில் அதற்கு ஒரு பொரிப்பகமே கட்டினார்கள்.)

தண்ணீரில் மிதக்கிற ஈ என்றால் சேவலின் விறைப்பான இறகு வேண்டும். இது மூழ்குகிற ஈ. இதற்குப் பஞ்சு மாதிரி மெத்தென்ற இறகு. பெரியவர் எனக்குக் கற்றுத் தந்தது 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்'. 14-ம் நம்பர் முள். அதன்மேல் மெழுகு தடவிய ஆரஞ்சுப் பட்டு நூலை ஒரே அடுக்காகச் சுற்ற வேண்டும். தலைப்பக்கம் மட்டும் கௌதாரி ஜாதிப் பறவையின் பழுப்புப் புள்ளி இறகு. அவ்வளவுதான். கண் கிடையாது, றெக்கை கிடையாது.

பி.காம் படித்த புத்தி, முதலீடு அதிகமானால் லாபமும் அதிகம் என்று கணக்குப் போட்டு இறகை ஐந்து சுற்று சுற்றினேன். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி வந்தது. பெரியவர் பிளேடால் அறுத்து எறிந்துவிட்டு, "ரெண்டு சுற்று. அதுவே ஜாஸ்தி" என்றார். ஆறாவது முயற்சியில் ஏதோ ஒன்று தேறியது. அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். ஆரஞ்சு நூல் நனைந்து கருஞ்சிவப்பானது. டம்ளரை லேசாக அசைத்தார். ஸார், அந்த இறகு மூச்சு விட்டது! உயிருள்ள பூச்சியின் கால்கள் மாதிரி விரிந்து சுருங்கியது.

விஷயம் அதுதான். ஆற்றடிக் கல்லில் மாதக்கணக்கில் ஒளிந்து வாழும் பூச்சி, ஒருநாள் றெக்கை முளைக்க மேலே நீந்தி வருகிறது. பாதி வழியில் அதற்குப் பறக்கவும் தெரியாது, ஒளியவும் இடமில்லை. ட்ரவுட் காத்திருப்பது அந்தப் பாதி வழியில்.

சனிக்கிழமை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். அத்தானின் பூட்ஸ் எனக்கு ஒரு சைஸ் பெரிசு. எதிர்க்கரை பார்த்து ஈயை வீசி, நூலை ஆற்றின் போக்கில் விட்டுவிட வேண்டும். அது வில் மாதிரி வளைந்து வந்து நேராகும்போது, ஆழத்தில் கிடக்கும் ஈ தானாக மேலே எழும்பும். மீன் அடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். நான் தாமிரபரணியில் மண்புழு கோத்து, தக்கை முங்கினதும் வெடுக்கென்று இழுத்த பயல். முதல் மீனை அப்படியே இழுத்து முள்ளைப் பிடுங்கித் தொலைத்தேன். "இழுக்காதே, அதுவே மாட்டிக்கும்" என்றார் பெரியவர்.

மதியத்துக்கு மேல் ஒன்று மாட்டியது. ஒரு சாண் நீளம், மஞ்சள் வயிறு, சிவப்புப் பொட்டு. முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே நசுக்கியிருந்ததால் சுலபமாக வந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன். இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது. போய்விட்டது.

கரையில் சாண்ட்விச் தின்றபடி பெரியவர் சொன்னார்: "உன் அக்கா ஒருதடவை இந்தியா போயிருந்தப்போ, ஒரே ஒரு மீனை வெண்ணெயில் வறுத்துக் கொடுத்தேன். தட்டைத் துடைச்சுச் சாப்பிட்டான். அந்த ஒண்ணுதான். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் தொடலை. அவகிட்ட சொல்லிடாதே."

ராத்திரி அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"நெசமாவே விட்டுருவாகளா?"

"ஆமாக்கா. நானே விட்டேனே."

"ஒண்ணுகூடச் சாப்பிட்டதில்லையாமா?"

"இல்லக்கா."

தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ஒண்ணு சாப்பிட்டாக. அம்மா காரியத்துக்கு நான் ஊருக்கு வந்திருந்தேம்லா, அப்ப. மறுநாளே போன்ல சொல்லி அழுதாக. அது ஒண்ணுதானான்னுதான் கேக்கேன்."

"ஒண்ணுதான்க்கா."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மேஜை ஓரத்துப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தவள், "அந்த டப்பாவை யாருக்கும் தூக்கிக் குடுத்துராத" என்றாள்.