பெரிய சக்கர ஆசை

பாறசாலையில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் முற்றத்தில் நிற்கும் மாருதி 800, 1997ல் வாங்கியது. மகன் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். இப்போது களியக்காவிளை போய்வருவதற்குள் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி தட்டுகிறது. மகன் ஒரு வழி சொன்னான்: 12 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 13 அங்குலம் மாட்டலாம்.

ஆசிரியர் கணக்குப் போட்டார். 145/70 ஆர் 12 டயரின் முழு விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். மகன் சொன்ன 155/65 ஆர் 13 சுமார் 532. கார் உயர்வது வெறும் 12 மில்லிமீட்டர். ஆனால், ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63ல் போகும். 796 சிசி எஞ்சின் ஏற்றத்தில் திணறும். பவர் இல்லாத ஸ்டீயரிங் கனக்கும். முழுக்கத் திருப்பினால் டயர் உரசலாம். பிரேக் மட்டும் பழையதே.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் காரின் பதிவை 2027ல் புதுப்பிக்க வேண்டும். பதிவு போனால் காரும் போனது மாதிரிதான்.

"அப்போ அடி தட்டுறதுக்கு என்ன செய்ய, அப்பா?" மகன் விடவில்லை.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். வருஷக்கணக்கில் பாரம் சுமந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்து போயிருந்தன. அவற்றை மாற்றியதும் கார் நிமிர்ந்தது. சக்கரம் அதே 12 அங்குலம்தான்.